நான்கெல்லை

மஞ்சக்குப்பம் பதிவு அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை நிழலில் என் மேசை.
முப்பத்தோரு வருடமாய்
கிழக்கே மேற்கே தெற்கே வடக்கே என்று
பிழைக்கிறேன்.

பென்சில்வேனியாவிலிருந்து ஒரு பவர் வந்திருக்கிறது.
அனுப்பியவள் பெரியநாயகி,
காலஞ்சென்ற பாடலீஸ்வரன் மகள்.
குண்டு உப்பலவாடியில் முப்பத்திரண்டு சென்ட்.
விற்றுவிடுங்கள் என்கிறாள் திரையில்.
இங்கே மாலை நாலு மணி,
அங்கே ஸ்வெட்டரும் முதல் காப்பியும்.

ஊர்ப் பேரில் எதற்கு குண்டு, கேட்டாள்.
பள்ளிக்கூடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள்.

சொன்னேன்.
கோட்டையை விற்றவன் மராட்டியன்,
வாங்கியவன் கும்பினியான்.
எல்லை: பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்.
கையிலிருந்தது போதாதென்று
சென்னப்பட்டணத்திலிருந்து
பெரிய பித்தளைப் பீரங்கியை வரவழைத்துச் சுட்டான்.
விழுந்த இடமெல்லாம் குண்டு கிராமம்.
அன்று அந்த வயலில் குனிந்து
களை பறித்துக்கொண்டிருந்தது யார்,
பத்திரத்தில் இல்லை.
சாட்சிக் கையெழுத்துக்கும் கூப்பிடவில்லை.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
எங்க ஊரும் அப்படித்தான் அங்கிள், என்றாள்.
எங்க ஊர் என்று அவள் சொன்னது
அந்த ஊரை.

லெனாப்பே என்றொரு ஜனம்.
ஒரு ஆள் ஒன்றரை நாள் நடக்கும் தூரத்தைத் தருவதாக
உங்கள் பாட்டன்மார் ஒப்புக்கொண்டார்கள் என்று
ஒரு பழைய காகிதத்தை நீட்டினார்களாம்.
நடை என்றால் அவர்களுக்கு நடை.
நடுவில் உட்காருவது,
புகை இழுப்பது,
அணிலைக் கண்டால் நிற்பது.
இவர்களோ காட்டில் முன்கூட்டியே வழி வெட்டி
மூன்று பேரைக் கூலிக்குப் பிடித்து
விடியலில் விரட்டினார்கள்.
இருவர் வழியில் சரிந்தார்கள்.
மூன்றாமவன் ஒரு மரக்கன்றைப் பற்றிக்கொண்டு விழுந்தானாம்.
அதுவரைக்கும் எழுதிக்கொண்டார்கள்.

மாமரம் எல்லை, மண்மேடு எல்லை,
செத்த ஆள் வீட்டுச் சுவர் எல்லை,
எல்லாம் எழுதியவன் நான்.
ஒருவன் மூச்சு முட்டும் இடம் எல்லை,
கேள்விப்பட்டதில்லை.

அவளிடம் சொல்லாததும் ஒன்று உண்டு.
அந்த நிலத்துக்காரர்களின் பேரன்கள்
தங்கள் ராஜாவோடு மோதியபோது
சண்டை கடலூருக்கும் வந்தது.
பிரெஞ்சுக்காரன் அவர்கள் பக்கம்;
ஆகவே அவன் கோட்டைக்குள்ளே,
இங்கிலீஷ்காரன் வெளியே.
கேப்பர் மலைச் செம்மண் மேட்டில்
ஜூன் மாத வெயிலில்
இரண்டு பக்கமும் தமிழ் பேசிய சிப்பாய்கள்
சுட்டுக்கொண்டு செத்தார்கள்.
சமாதானம் ஜனவரியிலேயே எழுதியாயிற்று.
தேதி, கையொப்பம், அரக்கு, எல்லாம் சரி.
கப்பல்தான் வரவில்லை.

தேதி விஷயத்தில் நான் கறார்.
இடைப்பட்ட அந்த ஐந்து மாதத்தை
எந்தப் புத்தகத்தில் பதிவது?
பெயர் எழுதும் இடத்தை வெறுமையாய் விட்டும் பழக்கமில்லை.
ஒருவனுக்குக் கன்னியப்பன் என்று வைத்திருக்கிறேன்.
த/பெ: தெரியாது.

ஜூன் கடைசியில் வெள்ளைக்கொடியோடு கப்பல் வந்தது.
ஜெயித்தவன் அதற்குள் அங்கே
மலைக்கு மேற்கே பார்க்கத் தொடங்கியிருந்தான்.
இன்னும் ஓடக்கூடிய ஆள்
அவனிடம் நிறைய இருந்தார்கள்.

சரி, பத்திரம்.
கிழக்கே கலியன் வகையறா சவுக்குத் தோப்பு.
தெற்கே பஞ்சாயத்து ரோடு.
மேற்கே அஞ்சாபுலி மனைவி பேரில் மனை.
வடக்கே பெண்ணையாற்றுக்குப் போகும் பாதை.
போன வெள்ளத்தில் ஆறு இதற்குள் நுழைந்து
மூன்று நாள் இருந்தது.
யாரையும் கேட்கவில்லை.
பிறகு திரும்பிப் போனது.
திரும்பிப் போனதை எழுத
பத்திரத்தில் ஒரு வரி கிடையாது.

சந்திர சூரியர் உள்ளவரை
புத்திர பௌத்திர பாரம்பரியமாய்
ஆண்டு அனுபவித்துக்கொள்ள...
இந்த இடத்தில் எப்போதும் என் பேனா ஓடும்.

இன்று நடந்தது.
நடுவில் ஒரு டீ.
ஜெராக்ஸ் கடைத் தகரத்தின் மேல்
ஒரு அணில்.
அலுவலகம் சாத்தும் மட்டும்
பார்த்துக்கொண்டிருந்தேன்.