இடம் பிடித்தல்

யீஷுன் உணவங்காடி, பிற்பகல் இரண்டரை.
களக்குறிப்பு பதினேழு:
தட்டு சேகரிக்கும் ரோபோ
நான்கு மொழிகளில் வழி கேட்கிறது.
தமிழ் கடைசியில் வருகிறது,
அதற்குள் எல்லாரும் விலகிவிடுகிறார்கள்.

இன்று யாரோ அதன் மேல்தட்டில்
ஒரு டிஷ்யூ பொட்டலத்தை வைத்துவிட்டார்கள்,
மேசை என்று நினைத்தோ
விளையாட்டுக்கோ.

அதன்பின் ஒருவரும் அதில் தட்டு வைக்கவில்லை.
சட்டமில்லை, பலகையில்லை.
முப்பது காசுத் தாளுக்கு
ஊரே அடங்குகிறது.

வெறுமனே சுற்றுகிறது இயந்திரம்,
யாருடைய இடமோ தன் தலையில்
நகர்வது தெரியாமல்.

துப்புரவு லோகாம்பாளிடம் கேட்டேன்,
எடுத்துவிடலாமே?
"ஐயோ, ஆள் வருவாங்க."

எழுதிக்கொண்டேன்.
கோப்பி வாங்க எழுந்தபோது
நாற்காலியில் வைத்துவிட்டுப் போனேன்
ஒலிப்பதிவுக் கருவியை.
ஓடிக்கொண்டிருந்தது.