எழுநூறு பெருக்கல் முப்பத்தைந்து

முஹர்ரக் சந்துக் கடையில்
டயர்கள் கூரையிலிருந்து தொங்குகின்றன.
ஷஹாதத் கொக்கிக் கம்பால்
ஒவ்வொன்றாய் இறக்கித் தரையில் போடுகிறான்.
இருபத்தெட்டு, முப்பத்திரண்டு,
முப்பத்தைந்து, நாற்பது.

பதினோரு வருடமாய் நான் வாசிக்கும் எண்கள் வேறு.
எங்கள் ஊசியில் எண் ஏற ஏற மெலிசு.
இருபத்து மூன்று குழந்தைக்கு,
இருபத்தொன்று பெரியவர்களுக்கு,
பதினாறு என்றால் ரத்த தானம்.
டயரில் எண் ஏற ஏறத் தடிமன்.
"உல்டா" என்றேன்.
அவன் டயரைத் திருப்பிப் பார்த்துவிட்டு
"இல்லை மேடம், சுற்றுற பக்கம் இதுதான்" என்று
அம்புக்குறியைக் காட்டினான்.

வண்டி மரிசெல் விட்டுப்போனது.
செபுவுக்கு விமானம் ஏறும் முன்
இருபது தினாருக்குத் தந்த ஹைப்ரிட்.
பாதி பந்தயக்காரன், பாதி பால்காரர்.
மூன்று கோடை பால்கனியில் நின்று
ரப்பர் மட்டும்
குதிகால் போல் வெடித்திருக்கிறது.

"எங்கே ஓட்டுவீங்க?"
வீட்டிலிருந்து லேப். லேபிலிருந்து வீடு.
ஆறு கிலோமீட்டர், நடுவே பாலம்.
"வேற எங்கேயும்?"

டயர் எடுக்க ஆனதைவிட
அந்தக் கேள்விக்கு அதிக நேரம் ஆனது.

தார் மட்டும் என்றால் இருபத்தெட்டு பறக்குமாம்.
ஓரத்து மணலில் இறங்கினால் வழுக்குமாம்.
முப்பத்தைந்து எதற்கும் கோபப்படாதாம்.
அதையே எடுத்தேன்.
"ஜூலையில் காற்றை அஞ்சு பவுண்டு குறைங்க,
சூட்டில் அதுவா ஏறும்" என்றான்.
உப்பைக் குறைங்க என்று
ஆட்களிடம் நான் சொல்லும் அதே குரல்.

பிறகு ஒரு விரலால் டயரைத் தட்டி,
"உள்ளே நீலப் பட்டை இருக்கு. ஊசி போகாது."

ஊசி போகாது. என்னிடம் சொல்கிறான்.
வெயிலில் மரத்த வெல்டர் கையிலும்
முதல் குத்தில் நரம்பு பிடிப்பவளிடம்.

முன்னுக்கு வெள்ளை விளக்கு, பின்னுக்குச் சிவப்பு:
அதில் பேச்சே இல்லை.
பாலத்து லாரிக்கு எந்த மணி கேட்கப் போகிறது,
வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே
பித்தளை மணியைக் கட்டைவிரல் தட்டிவிட்டது.
கல்லாவுக்கு அடியில் பூனை எழுந்தது.
வாங்கிவிட்டேன்.
கூடை வைத்தால் ஆண்ட்டி மாதிரி இருக்கும்,
வீடியோவில் மரிசெல் கத்துகிறாள்.
நாற்பத்து மூன்றில் வேறு யார் மாதிரி இருக்கவேண்டும்?
கூடை.

மட்கார்டு கேட்டதற்கு ஷஹாதத் சிரித்தான்.
வருஷத்துக்கு நாலு நாள் மழை,
அதில் ரெண்டு நாள் எனக்கு நைட்.
மிச்சம் ரெண்டு நாளைக்கு ஏழு தினாரா?
நனையட்டும்.
பாட்டில் மாட்ட ஒரு பிடி போதும் என்றேன்.
கேட்காமலே இரண்டு முடுக்கினான்:
ஒன்று குடிக்க, ஒன்று தலையில் ஊற்ற.
பூட்டு மட்டும் வண்டி விலையில் பாதி.
அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள், விடியற்காலை ஐந்தரை.
கலாலி தாண்டிக் கடலோர மண்பாதை.
ஷமால் முகத்தில் அறைந்துகொண்டிருக்க
பின்சக்கரம் நீளமாய் மூச்சு விட்டது.

சீமைக்கருவேலம்.
லேபுக்குப் போகும் வழியில்
அந்த மரம் ஒன்றுகூடக் கிடையாது.

பிடுங்கி எடுத்து
முன்விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
பதினெட்டு கேஜ் இருக்கும்.
நீலப் பட்டையை அது தொடவே இல்லை,
ஓரச் சுவரில், சரியான சாய்வில்,
ஒரே குத்து.

நல்ல கை.