லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை

நான்கு திருகு. நட்சத்திரத் தலை.
இரண்டு, கைப்பிடிக்கு அடியில் ஒளிந்திருந்தன.
நான்காவதன் மேல் ஒரு காகித ஒட்டி:
கிழித்தால் உத்தரவாதம் கிடையாது என்று
சீனத்திலும், அரைகுறைப் பல்கேரியத்திலும்.
கிழித்தேன்.

வெளியே ரூசே நகரம் பனியில் கிடக்கிறது.
டான்யூபில் ஒரு மணல் படகு விளக்கை அணைக்கிறது.
எட்டு மாடிக்கு ஒரே லிஃப்ட்,
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நின்று நான்கு நாள்.
அதன் கதவு உணரி எப்படித் துடிக்கிறது என்று பார்க்க
வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து வாங்கியதுதான்
இந்த ஆஸிலோஸ்கோப்,
விலை குறைந்ததிலும் குறைந்தது.
பார்க்கிற கருவியை முதலில் பார்க்காமல்
அதை வைத்து எதையும் பார்க்க எனக்கு வராது.

உள்ளே பாதி காற்று.
அவ்வளவு பெரிய முகத்துக்குப் பின்னால்
கைக்குட்டை அகலத்தில் ஒரு பச்சைப் பலகை,
தும்மிக்கொண்டே சுற்றும் ஒரு விசிறி.
தகர மூடியைக் கத்தி முனையால் நெம்பினேன்:
கடுகு சிதறியது போல மின்தேக்கிகள்,
வோல்ட் மாற்றும்போதெல்லாம் ‘டக்’ என்பது
இந்த இரண்டு ரிலேக்கள்தாம்.
பெரிய சில்லின் முதுகில் பெயர் இல்லை.
விளக்கைச் சாய்த்தால் வட்ட வட்டமாகக் கீறல்.
பெயரைத் தேய்த்து அழிப்பதற்கென்றே
ஒரு கை எங்கோ சம்பளம் வாங்கியிருக்கிறது.

பக்கத்தில் எதுவும் பற்றவைக்காத வெற்று இடங்கள்,
விருந்தாளி வராத பந்தி.
விலை கூடிய மாடலில் இங்கே ஏதோ உட்காரும்.
பலகை என்னவோ ஒன்றுதான்.
ஓரத்தில் நீல மார்க்கரில் ஒரு சரிக்குறி,
அவசரத்தில் வால் நீண்டுவிட்டது.
முழுப் பெட்டியிலும் மனிதக் கை போட்ட கோடு அது மட்டும்.

“ஸ்லாவ்கா, என்ன தெரிகிறது?”
ஏழாம் மாடி ஸ்தமென், வாசலில்,
தோளில் உருளைக்கிழங்கு மூட்டை.
“ஒரு சரிக்குறி” என்றேன்.
மூட்டையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு ஏறினார்.

யுஎஸ்பி கம்பியைச் செருகும் முன்
மீட்டரின் ஒரு முனையை முதலைப்பல் கிளிப்பிலும்
மறுமுனையை யுஎஸ்பி வாயின் தகர உதட்டிலும் வைத்தேன்.
பீப்.
பூஜ்யம் ஓம்.
அதாவது, லிஃப்டில் இந்தப் பல் எதைக் கடித்தாலும்
என் கணினியும் சேர்ந்து கடிக்கும்.
இருவருக்கும் பூமி ஒன்று.
அட்டைப்பெட்டியில் இதை யாரும் எழுதவில்லை.

கறுப்புத் திரையில் தட்டினேன்:
ஒரு நட்சத்திரம், மூன்று எழுத்து, ஒரு கேள்விக்குறி.
கருவிகளின் பாஷையில் அதற்கு
‘நீ யார்?’

மௌனம்.
வரி முடிந்தது என்று சொல்ல மறந்திருக்கிறேன்.
மறுபடி கேட்டேன்.
கம்பெனி, மாடல், வரிசை எண், மென்பொருள் பதிப்பு,
காவல் நிலையத்தில் நிற்பவர் போல
ஒரே மூச்சில் ஒப்பித்தது.
சொன்ன மாடல், நாங்கள் வாங்கியது அல்ல.
விலை கூடியதன் பெயர்.

யாரோ தப்பான கோப்பை ஏற்றிவிட்டு
சரிக்குறி போட்டுப் போயிருக்கலாம்.
இல்லை, காலியாக விட்ட இடங்களையும் கணக்கில் சேர்த்து
இது தன்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறதோ என்னவோ.
நான் திருத்தவில்லை.

அளக்கும் முனையை விரலால் தொட்டேன்.
எதிலும் இணைக்காத என் உடம்பிலிருந்து
ஓர் அலை எழுந்து திரையில் நின்றது,
இருபது மில்லி வினாடிக்கு ஒரு முறை.
சுவருக்குள், எட்டு மாடி ஹீட்டர்களுக்குள் ஓடுவது
கேட்காமலே என் மேல் குடியிருக்கிறது.
அதைக் கணினிக்குள் இழுத்தேன்.
ஆயிரம் வரி எண்கள். எதில் சுவர், எதில் நான்,
பிரிக்கத் தெரியவில்லை.

படியில் மறுபடி ஸ்தமெனின் மூச்சு, இப்போது கீழ்நோக்கி.
“சரியாகிவிட்டதா?”
இன்னும் இல்லை.
மூடியை மட்டும் போட்டுவிட்டேன்,
மூன்று திருகில்.
நான்காவது எங்கே உருண்டது என்று
மேசைக்கு அடியில் தேடிக்கொண்டிருக்கிறேன்.