எண்ணிக்கொண்டிருப்பவள்

எனக்குத் தந்தது முக்கோணம்.
இரும்புக் கம்பியை மூன்றாய் வளைத்து
ஒரு மூலையை மூடாமல் விட்டிருக்கிறார்கள்.
மூடினால் ஒலிக்காதாம்.
சொன்னவன் ஆர்லோ, வயது ஒன்பது,
டிம்பனி எட்டாமல்
ஆப்பிள் பெட்டிமேல் நின்று வாசிக்கிறவன்.

சஸ்காட்செவனின் வடக்கே
பாப்லர் மரங்கள் சலசலக்கும் ஓர் ஏரிக்கரை.
ஜூலையில் எட்டு நாள் சங்கீத முகாம்.
மெனோனைட்டுகள், லூத்தரன்கள்,
எந்தச் சபையும் இல்லாமல்
செலோவோடு மட்டும் வந்திறங்கிய ஒருவர்.
இங்கே வயதைக் கேட்பதில்லை,
வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள்.
அதனால் கோதுமை லாரி ஓட்டி ஓய்ந்த
கொர்னீலியஸ் டோவ்ஸ், எழுபத்தொன்று,
தொடக்கநிலை வயலினில் உட்கார்ந்திருக்கிறார்,
முன்பல் விழுந்த மூன்று பிள்ளைகளின் நடுவே.
நால்வருக்கும் ஒரே திட்டு.
நால்வருக்கும் பத்து மணிக்கு ஒரே பிஸ்கட்.

நான் வாசிக்க வரவில்லை.
மகள் லெனோராவை இறக்கிவிட்டுத் திரும்ப வந்தவள்.
வாசலிலேயே ரேடியேட்டர் ஆவி கக்கியது.
சாஸ்கட்டூனிலிருந்து பாகம் வரவேண்டும், ஒரு வாரம், என்றான் மெக்கானிக்.
ஆண்டவர் இப்படியெல்லாம் வேலை செய்வதில்லை
என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.
(பாகம் புதன்கிழமையே வந்துவிட்டது.
சனிக்கிழமை வரை இருக்கட்டும் என்றேன்.
லெனோராவுக்குத் தெரியாது.)

நான்கு வருடமாய் ஆலயத்தில்
வாயை மட்டும் அசைக்கிறேன்.
பக்கத்தில் நிற்பவர்களுக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை.
முக்கோணத்தில் அது நடக்காது.

என் தாளில் நீளமாய் ஒரு தடித்த கோடு,
அதன்மேல் ஓர் எண்: 112.
அத்தனை தாளக்கட்டுகள் சும்மா இருக்கவேண்டும்.
பிறகு ஒரே ஓர் அடி.
சங்கீதப் புத்தகத்தில் வரிக்கடைசியில் சில இடங்களில்
சேலா என்று நிற்கும்.
எங்கள் பாஸ்டர் அதை வாசிக்காமல் தாண்டிப்போவார்.
நிறுத்து என்பதா, உயர்த்து என்பதா,
திட்டமாய் யாருக்கும் தெரியாதாம்.
இந்த வாரம் எனக்குத் தெரிந்தமட்டில்
அதற்கு அர்த்தம்: எண்ணு.

கடைசி நாள், இரவு ஒன்பது, இன்னும் வெயில்.
கொசுவலைக் கதவுகளைத் திறந்துவைத்துக் கச்சேரி.
ஒன்று, இரண்டு மூன்று நான்கு.
இரண்டு, இரண்டு மூன்று நான்கு.
சமையற்கட்டிலிருந்து ஓடிவந்த ஹில்டகார்ட்
மாவு ஒட்டிய ஏப்ரனோடு ஆல்ட்டோவில் நிற்கிறாள்.
முப்பத்தெட்டில் நடத்துநரின் வழுக்கையில்
ஒரு கொசு அமர்ந்தது.
அவர் கைகள் இரண்டும் எங்களிடம் இருந்தன.
ஐம்பத்தேழில் ஏரியிலிருந்து ஒரு லூன் பறவை
சுருதி சேராமல் கூவிற்று.
எல்லா வில்லும் இறங்கும்போது
கொர்னீலியஸின் வில் மட்டும் மேலே ஏறியது.
அவர் திருத்திக்கொள்ளவில்லை.
நெடுஞ்சாலையில் தனியாய் எதிர்த்திசையில் போகிற லாரிபோல
பதற்றமில்லாமல், விளக்குப் போட்டுக்கொண்டு,
போனார்.
பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

எழுபத்து மூன்றா? எழுபத்தைந்தா?
கடவுளே, என்றேன்.
நான்கு வருடத்தில் அவரைக் கூப்பிட்டது அதுதான்,
அதுவும் ஓர் எண் கேட்க.

ஆர்லோ திரும்பவில்லை.
குச்சிகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு
தொடையோரமாய்க் காட்டினான்
எட்டு விரல்.
மடக்கி, ஒரு விரல்.
எண்பத்தொன்று, இரண்டு மூன்று நான்கு.
எண்பத்திரண்டு.
மூச்சுகூட எண்ணிக்கைக்குள் வந்துவிட்டது.

நூற்றுப் பன்னிரண்டு.
அடித்தேன்.

எவ்வளவு சின்ன ஒலி.
முன்வரிசையில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை.
ஆர்லோ மட்டும் லேசாய்த் தலையசைத்தான்,
மில்லில் அடுத்த ஷிப்டுக்கு வந்தவனைப் பார்த்து
அசைப்பதுபோல.

தாளைத் திருப்பினேன்.
இன்னொரு தடித்த கோடு, மேலே 40.
கம்பி இன்னும் விரலில் நடுங்கிக்கொண்டிருந்தது.
ஒன்று, இரண்டு மூன்று நான்கு.
இரண்டு,