கேட்பு

பதினான்காம் கட்டம்
வரைபடத்தில் என் கட்டைவிரல் அகலம்.
வெளியே, ஏரிக்கு வடக்கே, நாற்பத்தொரு ஹெக்டேர்:
ஸ்புரூஸ், நடுநடுவே பிர்ச்,
இடுப்பளவு பனி.

மார்ச் மாதத்து வியாழன். நகராட்சிக் கூடம்.
பென்சில்களைக் கூராக்குவது என் வேலை.
யார் எதைக் கேட்டாலும் அதற்கொரு நிறம்.

ரைமோ துப்புரைனன் ஆலையிலிருந்து வந்திருந்தார்.
தெற்கே எங்கேயோ
ஒரு ஜோடிச் செருப்பை மூன்று பெட்டிக்குள் வைத்து அனுப்புகிறார்களாம்.
பெட்டிக்கு அட்டை, அட்டைக்குக் கூழ், கூழுக்கு மரம்.
"நானா கேட்கிறேன்? அவர்கள் கேட்கிறார்கள்" என்றார்,
கையுறையைக் கழற்றாமலே.
சிவப்பு.

ஹெல்சிங்கியிலிருந்து மடிக்கணினியோடு வந்தவள்
மரத்தை விட்டுவிட்டு
மரம் நிற்பதற்கு விலை பேசினாள்.
ஐம்பது ஆண்டு ஒன்றும் செய்யாதிருக்க ஹெக்டேருக்கு இவ்வளவு.
யாரோ ஏறிப்போன விமானங்களின் மூச்சை
இந்தக் கிளைகள் அடக்கி வைத்திருக்க வேண்டும்.
"அந்த வேலைக்கு நானும் விண்ணப்பிக்கலாமா?"
பின்வரிசையில் ஒரு குரல். சிரிப்பு.
சாம்பல்.

பனிச்சறுக்குச் சங்கம் நான்கு மீட்டர் தடம் கேட்டது,
இரவில் விளக்கோடு.
விடுதிக்காரி இருட்டைக் கேட்டாள்,
வானத்து ஒளி பார்க்க வருகிறவர்கள்
முன்பணம் கட்டிவிட்டார்கள்.
ஒரே இடத்தில் மஞ்சளும் கறுப்பும் தீட்டினேன்.

பழக் கம்பெனி ஆகஸ்டைக் கேட்டது. ஊதா.
குனிந்து பறிக்கிற சோம்ஜித் கூட்டத்தில் இல்லை.
தாய்லாந்தில் இருந்தாள்,
போன ஆண்டு விமானச் சீட்டுக்கு வாங்கிய கடனின்
வட்டியை எண்ணிக்கொண்டு.

கடைசியில் நீலஸ் எழுந்தார்.
அவருடைய துருவமான்கள் இப்போதே அங்கே நிற்கின்றன.
பனிமேல் மழை பெய்து, மழை உறைந்து,
குளம்பு இறங்காத கண்ணாடி.
கிழமரங்களில் தொங்கும் கறுத்த தாடிப்பாசிதான் மிச்சம்.
"அது வளர எத்தனை வருடம்?" என்றாள் தலைவி ஹில்லெவி.
"நூறு. மரம் சம்மதித்தால்."
பச்சையை எடுத்து நீட்டினேன்.
வாங்கவில்லை.
"யாரும் தீட்டாத இடம் இருக்கிறதா, பார்த்துச் சொல்."

விரலளவு கூட இல்லை.
அன்று மாலைவரை எல்லாரும் கேட்டார்கள்.
ஒருவரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை எல்லைக்கல் பார்க்கப் போனேன்.
பொய் சொல்வானேன்,
ஒரு மணி நேர அமைதி கேட்டுத்தான் போனேன்.
மைனஸ் பத்தொன்பது. நல்ல வெயில்.
காடு முழுக்க ஒரே உயரத்தில்
அளவுகோல் வைத்து வெட்டியதுபோல் ஒரு கோடு:
கீழே மொட்டைக் கிளைகள், மேலே பாசி.
மானின் கழுத்து எட்டும் உயரம்.
பசி போட்ட கோடு.

அப்போது மோட்டார் ரம்பத்தின் சத்தம்.

நீலஸ்தான்.
வியாழக்கிழமை ஒரு மரமும் கேட்காதவர்
பாசி அடர்ந்த ஒரு கிழ ஸ்புரூஸைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.
விழுந்த பனிப்புழுதி அடங்கும் முன்
மான்கள் ஓடிவந்தன,
ரம்பத்தின் ஓசை அவற்றுக்குச் சாப்பாட்டு மணி.
என்னைப் பார்த்தார். வெட்கப்படவில்லை.
"ஒன்று" என்றார்.
"நாளைக்கு?"
"நாளைக்கு நாளைக்குத்தான் கேட்பேன்."
எஞ்சினை அணைத்துவிட்டு, தலையைச் சாய்த்து,
நெடுநேரம் நின்றார்.
நானும் நின்றேன்.
எனக்கு மென்று தின்கிற சத்தம் மட்டும் வந்தது.
ஒரு காட்டுப்பறவை என் ரொட்டித் துணுக்கைத் தூக்கிப்போய்
பாசிக்குள் ஒளித்து வைத்தது.

திங்கட்கிழமை வரைபடத்தில்
மான்கள் நின்ற இடத்தைச் சுற்றி
சாதாரணப் பென்சிலால் ஒரு கோடு அழுத்திப் போட்டேன்.
"இது என்ன நிறம்?" என்றாள் ஹில்லெவி.
நிறப்பட்டியலில் அதற்கு வரிசை இல்லை.
அழிக்கச் சொன்னாள். அழித்தேன்.

தாளில் பள்ளம் இருக்கிறது.
ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தால் தெரியும்.