இரண்டு அங்குலம்

தொடவே மாட்டார்.
தோளுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே
இரண்டு அங்குலம் விட்டு
காற்றை வழித்து வழித்து
ஸ்டீல் கிண்ணத்து உப்புத்தண்ணீரில் உதறுவார்
ஹைமவதி மேடம்.
ஏற்காட்டில், ஒண்டிக்கடைக்கு மேலே வாடகை மாடி,
கூரைத் தகரத்தில் சில்வர் ஓக் சருகு.
ஒரு தடவைக்கு நானூறு ரூபாய்.

நான் லைன்மேன்.
சக்தி என்றால் எனக்கு
யூனிட்டில் வரும், பில்லில் வரும்,
ஜம்பர் அறுந்தால் வராது.
மூன்று வருஷத்துக்கு முன் ஓர் ஐப்பசி மழையில்
மஞ்சக்குட்டை போஸ்ட்டிலிருந்து விழுந்த தோள் இது.
சேலம் பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள்.
எலும்பு சேர்ந்துவிட்டது என்றார் டாக்டர்
என் முகத்தைப் பார்க்காமல், படத்தைப் பார்த்து.
எலும்பு சேர்ந்ததை
வலியிடம் யாரும் சொல்லவில்லை.

முதல் நாள் அவர் கண்மூடி நின்றபோது
சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை உருவி
அந்த உள்ளங்கைக்குக் கீழே நீட்டினேன்.
எரியவில்லை.
சிரிப்பு வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஆனால் ஐந்தாம் நாள்
சட்டையை ஒரே இழுப்பில் மாட்டினேன்.
எட்டாம் நாள் வலப்பக்கம் படுத்துத் தூங்கியிருக்கிறேன்,
விடிந்துதான் தெரிந்தது.
எதனால் என்று கேட்டால்
என்னிடம் வயரிங் படம் இல்லை.
அந்தக் கையாலா,
முக்கால் மணி நேரம் போன் அடிக்காமல் கிடந்ததாலா,
"ராத்திரி வலிக்குதா, விடியக்காலமா?" என்று
ஒருத்தர் கேட்டுவிட்டு
பதில் வரும்வரை காத்திருந்ததாலா,
இல்லை, போகிற காலம் வந்து அதுவாகத்தான் போனதா.

பெஞ்சில் எனக்கு அடுத்த முறை ஜெசிந்தா.
நாகலூரில் தையல் மிஷின் வைத்திருக்கிறாள்.
முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே சொன்னாள்:
மிளகு அளவில் இருந்ததாம் போன ஈஸ்டருக்கு,
இப்போது பலாக்கொட்டை.
இடது மார்பு.
வலிக்கவே இல்லையாம்.
வலிக்காததற்கு எதற்கு ஆஸ்பத்திரி?
இருபத்தொரு தடவைக்குச் சீட்டுப்பணம் எடுத்தாயிற்று.
"லைன்மேன் அண்ணா, உங்களுக்குச் சரியாச்சா?"

எத்தனையோ கம்பியைத் தொட்டிருக்கிறேன்,
ஃப்யூஸ் பிடுங்கிவிட்டுத்தான்.
இந்தக் கேள்வியில் கரண்ட் இருந்தது.
ஆமாம் என்பதுதான் உண்மை.
தோளைத் தூக்கிக் காட்டினால் போதும்,
நானே விளம்பரப் பலகை.
உள்ளே யாருடைய வலியோ
கிண்ணத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இல்லம்மா. ஒண்ணும் ஆகலை.
காசுதான் போச்சு" என்றேன்.
சொன்னதற்குச் சாட்சியாக
வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டேன்.
நிமிர்ந்தால் கதவோரம் ஹைமவதி மேடம்,
கையில் கிண்ணத்தோடு.
நேற்று நான் நன்றி சொன்னபோது
கண்கலங்கிய அதே முகம்.
ஒன்றும் கேட்கவில்லை.
தண்ணீரை வாஷ்பேசினில் ஊற்றப் போனார்.

மறுநாள் முதல் பஸ்.
சிபாரிசுக்கு ஓர் ஆள் வேண்டுமென்று
என்னையும் கூட்டிக்கொண்டாள்.
உட்கார இடமில்லை.
இருபதாவது வளைவிலிருந்து ஒன்றாவது வரை
இடது கையால் மட்டும் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன்.
ஒவ்வொரு வளைவிலும்
நல்லாகிவிட்ட கை தானாக மேலே கிளம்பும்,
மடக்கி வயிற்றோடு வைத்துக்கொள்வேன்.
ஜெசிந்தா பார்த்துக்கொண்டே வந்தாள்,
பாவம் என்பதுபோல.

ஓ.பி. சீட்டு, மூன்று வரிசை, மதியம் தாண்டியது.
கடைசியில் ஒரு நர்ஸ் வந்து
அவள் பெயரை ஜெயந்தி என்று கூப்பிட்டார்.
திருத்தாமல் எழுந்து போனாள்.
அங்கே தொட்டுத்தான் பார்ப்பார்கள்.
ஊசி இரண்டு அங்குலம் தள்ளி நிற்காது.

பச்சைத்திரை மூடியது.
பையை என் மடியில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.
அதை நகர்த்தக் கையெடுத்தேன்.
வலித்தது.
இந்தத் தடவை நான் நடிக்கவில்லை.