ஹேன்

உறைந்த மீன் பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது
கைபேசி அடிக்கிறது.
ஸ்டாக்ஹோமிலிருந்து ஃபோல்கெ என்றொரு பையன்.
பாட்டை ஸ்வீடிஷில் எழுதிக்கொண்டிருக்கிறானாம்,
புதுப் பாடகி ஒருத்தி பாடப்போகிறாளாம்.
ஒரே ஒரு சந்தேகம் என்கிறான், இருமிக்கொண்டு:
ஏரியைத் தாண்டி வருவது ஆணா, பெண்ணா?

அவன் கேட்டதில் தப்பில்லை.
எங்கள் ஃபின்னிஷில் அவனுக்கும் அவளுக்கும்
சேர்த்து ஒரே சொல்தான்: ஹேன்.
அவர்களுக்கு ஹன் வேறு, ஹூன் வேறு.
நடுவில் இப்போது புதிதாக ஒன்றும் இருக்கிறதாம்.
அது வேண்டுமா என்கிறான்,
கல்லாவில் பை வேண்டுமா என்று கேட்பதைப்போல.

எழுபத்து நான்கு, ஜூலை.
ஈசல்மிக்கு வெளியே, ஏரிக்கரையில், பலகைத்தளம் போட்ட நடன மண்டபம்.
நான் கூண்டுக்குள் சீட்டுக் கிழிப்பவள்.
துவோவி மேடையில்.
நீல உடை, அக்குளில் வியர்வை வட்டம்.
சொந்தப் பாட்டை முதல்முறை பாடுகிறாள்.
மூன்றாம் வரியில் அந்தச் சொல் வந்ததும்
கூட்டத்தை விட்டுவிட்டுக் கூண்டைப் பார்த்தாள்.
நான் குனிந்து சில்லறை எண்ணினேன்.
அன்று கணக்கில் மூன்று மார்க்கா உதைத்தது.

அப்போது நாங்கள் குற்றவாளிகள் இல்லை.
மூன்று வருடம் முன்பே சட்டத்தை மாற்றியிருந்தார்கள்.
இருந்துகொள்ளலாம், ஊக்குவிக்கத்தான் கூடாது.
ஊக்குவிப்பது எது என்பது
வானொலியில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கும்
சரியாகத் தெரியாது.
பாட்டைப் பேன்சீப்பால் வாரிப் பார்த்திருப்பார்கள்.
ஒன்றும் சிக்கவில்லை.

அதன்பின் அது எல்லார் பாட்டும் ஆனது.
மரலாரி ஓட்டுநர்கள் மனைவியை நினைத்துப் பாடினார்கள்.
படைமுகாம் பையன்கள் ஊரில் விட்டுவந்தவளை.
கெமியிலிருந்து ஒரு விதவை எழுதினாள்:
என் ரெய்னோ ஏரியில்தான் போனான்,
உங்களுக்கு யார் சொன்னது?
கடிதத்தை மடித்து வைத்துவிட்டு
துவோவி அன்று முழுக்கப் பேசவில்லை.
பொய் சொல்லிவிட்டோமா என்றாள் இரவில்.
இல்லை, இடம் விட்டிருக்கிறோம் என்றேன்.
அப்போது அது கெட்டிக்காரப் பதிலாகத்தான் பட்டது.

பத்திரிகைக்காரி வந்தாள். யார் அந்த அதிர்ஷ்டக்காரன்?
மாலுமி, என்றாள் துவோவி, அடுப்பைப் பார்த்துக்கொண்டு.
அட்டைப்படத்தில் காப்பிக் குவளைக்குப் பக்கத்தில்
யாருடையதோ ஒரு முழங்கை தெரியும்.
என்னுடையது.

மண்டபத்தில் பெண்கள் துணையை அழைக்கும் நேரம் என்று ஒன்று உண்டு.
ஒருமுறை, ஒரே முறை,
மேடையை விட்டு இறங்கிவந்து கூண்டுக் கதவைத் தட்டினாள்.
ஆடினோம். கொசு கடித்தது.
ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.
ஆண்கள் குடித்துவிட்டுப் புதரில் கிடக்கிற ஊரில்
பெண்ணோடு பெண் ஆடுவது புதிதா என்ன?
யாராவது முறைத்திருக்கலாம் என்று
இன்றைக்கும் தோன்றும்.

அவள் போய் ஆறு வருடம்.
பாட்டின் உரிமை எனக்கு.
இரங்கல் குறிப்பில் என் பெயர் நண்பர்கள் வரிசையில், மூன்றாவதாக.

வந்தது நான்தான் தம்பி,
அடியில் ஓட்டை விழுந்த படகில்,
ஒரு கையால் தண்ணீர் இறைத்துக்கொண்டு, பாதி நேரம்
ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டு.
இதையெல்லாம் சொல்லவில்லை.
ஹூன், என்றேன்.

பெட்டியின் மோட்டார் இரைகிறது.
மன்னியுங்கள், ஹன் என்றா சொன்னீர்கள்?

கெமியின் விதவை நினைவுக்கு வந்தாள்.
உயிரோடிருந்தால் தொண்ணூறு தாண்டியிருக்கும்.
அவளுக்குப் பழைய பாட்டு இருக்கிறது,
அதை யாரும் பிடுங்கப்போவதில்லை.

ஹூன், என்றேன் மறுபடி, உரக்க.
பட்டாணிப் பொட்டலம் அடுக்கிக்கொண்டிருந்த பெண்
நிமிர்ந்து பார்த்தாள்.
மூன்று எழுத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.
எழுதிக்கொண்டாயா என்று கேட்டேன்.